‘இதர செலவுகள் தனி’: விலைப்புள்ளியின் அறமும் வரலாறும்

சங்கத் தமிழில் ‘பகர்தல்’ என்னும் வினைக்குச் சொல்லுதல் என்றும் பொருள். விற்றல் என்றும் பொருள். பகர்நர் என்றால் விற்போர். பண்டத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்து, இன்ன பண்டம், இன்ன விலை என்று வாய்திறந்து சொல்வதே விற்பனையாக இருந்த காலத்தில், இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் தங்கியதில் வியப்பில்லை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழ்கிறது. அவர்கள் நுகத்தடியின் நடுவாணிபோல் நடுநிலையில் நின்றவர்கள். தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்பக் கருதியவர்கள். கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் இருந்தவர்கள். இத்தனையும் அடுக்கிய புலவர், அவர்கள் விற்றதைக் குறிக்க இந்தப் ‘பகர்தல்’ என்ற சொல்லையே ஆள்கிறார். வள்ளுவரும் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளை வணிகருக்கென்றே ஒதுக்கினார். வடக்கே அர்த்தசாஸ்திரம், நகர வாயிலில் நிற்கும் வணிகன் பண்டத்தின் அளவையும் விலையையும் சொல்லி, அவ்விலைக்கு வாங்குவோர் உண்டா என மும்முறை கூவ வேண்டும் என்று விதித்தது.

சொல்வதும் விற்பதும் ஒன்றென்றால், சொல்லாமல் விட்டு விற்பதை என்னவென்பது? இக்கட்டுரையின் கேள்வி இதுதான்.

பேச்சு வழக்கில் ‘கொட்டேஷன்’ என்று நாம் சொல்லும் விலைப்புள்ளித் தாளை அடிவரை படிப்பவருக்கு இக்கேள்வி எழாமல் இராது. நடுவில் தடித்த எழுத்தில் ஒரு தொகை. தாளின் அடியில், பொடி எழுத்தில், ‘வரிகள் தனி’, ‘பேக்கிங், அனுப்பும் செலவு தனி’, ‘ஏற்றுகூலி இறக்குகூலி தனி’, ‘நிறுவும் செலவு தனி’ என ஒரு வரிசை. சில தாள்களில் அந்த வரிசையும் இராது. பணம் கேட்கும் பட்டியலில்தான் அது முதன்முதலாகத் தலைகாட்டும். சிற்றிதழ் நடத்தியோருக்கும், கல்லூரி ஆண்டு மலரை அச்சேற்றிய எம் போன்ற தமிழாசிரியர்களுக்கும் இது பழகிய கதை. ஃபாரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று அச்சகம் சொன்னதை வைத்து நன்கொடை திரட்டி முடித்த பிறகுதான் பிளேட், அட்டை லேமினேஷன், பைண்டிங், வண்டி வாடகை எல்லாம் வெளியே வரும். திருமண மண்டபம் எடுத்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். மண்டப வாடகை என்று சொன்னது ஒரு தொகை; மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, பாத்திரம், எரிவாயு என்று விடியற்காலையில் கணக்கு முடிக்கும்போது கைக்கு வருவது வேறொரு தொகை.

விற்பவர் பக்கத்து நியாயத்தையும் நாம் கேட்க வேண்டும். வரி அவருடைய வருமானம் அன்று, அரசுக்குப் போவது. லாரி வாடகை தூரத்தையும் டீசல் விலையையும் பொறுத்தது. முன்கூட்டிச் சொல்ல இயலாது. போட்டியாளர் எல்லாரும் வெறும் அடிப்படை விலையை மட்டும் சொல்லும்போது தாம் மட்டும் முழுத்தொகையைச் சொன்னால், வாங்குபவர் தாளைப் பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிடுவார். இவற்றில் எதுவும் பொய்யன்று. ஆதலால் மறைமுகக் கட்டணம் என்பதை ஒரு மோசடி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போவதைவிட, இது நம் மண்ணில் எப்படியெல்லாம் நடந்தது, எப்படித் தடுக்கப்பட்டது என்று பார்ப்பது பயன் தரும்.

கடலைக் கமிட்டிக்கு முன்

நெய்வேலி, லிக்னைட்டுக்கு முன்னர் கடலைச் சீமை. முந்திரி, பலா, நிலக்கடலை மூன்றும் இந்தச் செம்மண்ணின் விளைச்சல். பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் கடலூர், விழுப்புரம் எனப் பிரிவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, இங்கு விளைந்த நிலக்கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. உலகச் சந்தையோடு நேராகத் தொடர்புகொண்ட பயிர் அது. ஆனால் பயிரிட்டவருக்கும் அந்தச் சந்தைக்கும் இடையில் தரகரும் மண்டிக்காரரும் நின்றனர்.

லின்லித்கோ பிரபு தலைமையில் 1926இல் அமைந்த வேளாண்மைக்கான அரச ஆணையம் 1928இல் தன் அறிக்கையைத் தந்தது. இந்தியச் சந்தைகளைப் பற்றிய அதன் பகுதி இன்றும் படிக்கத்தக்கது. உழவருக்குப் பேசப்பட்ட விலை வேறு, கைக்கு வந்த விலை வேறு என்பதை அது விரிவாகப் பதிவு செய்தது. தரகு, மண்டிக் கமிஷன், எடைக்கூலி, சாக்குக் கழிவு, தூசிக் கழிவு, மாதிரி என்று அள்ளிக்கொண்ட பண்டம், பெருக்குபவருக்கும் தண்ணீர் ஊற்றுபவருக்கும் ஒரு பங்கு, கோயிலுக்கோ கோசாலைக்கோ ‘தர்மம்’ என்று ஒன்று. இத்தனையும் விலை பேசி முடித்தபின் பிடிக்கப்பட்டன. விலையே பல சந்தைகளில் துணிக்கடியில் விரல்பிடித்துத்தான் பேசப்பட்டது. நம் மாட்டுச் சந்தைகளில் துண்டு போட்டுப் பேசும் வழக்கத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எடையும் ஊருக்கு ஊர் மாறியது. மணங்கு என்றாலும் கண்டி என்றாலும் எந்த ஊர் மணங்கு, எந்தப் பண்டத்துக்குரிய கண்டி என்று கேட்டாக வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தரகு கொடுப்பதில் உழவருக்கு மனத்தடை இல்லை. தரகர் செய்த வேலைக்குக் கூலி உண்டு என்பதை அவர் அறிவார். எடை போட்டவருக்கும் மூட்டை சுமந்தவருக்கும் கூலி தருவது நியாயமே. துன்பம், அது எப்போது சொல்லப்பட்டது என்பதில் இருந்தது. இரவெல்லாம் வண்டியோட்டி வந்து, மூட்டையை இறக்கி, சாக்கைப் பிரித்துக் கொட்டியபின் ஒருவர் என்ன செய்ய முடியும்? பிடித்தம் அதிகம் என்று சொல்லி, கொட்டிய கடலையை மீண்டும் அள்ளிக் கட்டித் திரும்பிப் போக முடியாது. போனாலும் அடுத்த மண்டியிலும் அதே வழக்கம். விதைப்புக்கு முன்பே அந்த மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் போவதற்கு வேறிடமும் கிடையாது. திரும்பிப் போகும் வழி அடைபட்ட பின்னரே கட்டணம் வாய்திறந்தது. மறைமுகக் கட்டணத்தின் இலக்கணமே இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

இதற்கு மருந்தாகச் சென்னை மாகாணத்தில் 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அதன்படி 1936இல் திருப்பூரில் பருத்திக்கென முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் அமைந்தது. பின்னர் தென்னார்க்காட்டுக்கும் நிலக்கடலைக்கான சந்தைக் குழு வந்தது. இன்றும் விருத்தாசலத்திலும் பண்ருட்டியிலும் குறிஞ்சிப்பாடியிலும் இக்கூடங்கள் உள்ளன. மக்கள் வாயில் அது ‘கமிட்டி’. சட்டம் செய்தது பெரிய புரட்சி அன்று. விதியில் எழுதப்படாத எந்தக் கழிவையும் பிடிக்கக் கூடாது; எடையும் கட்டணமும் எல்லாருக்கும் தெரிய வேண்டும்; சந்தைக் கட்டணத்தை வாங்கும் வணிகர் செலுத்த வேண்டும், விற்கும் உழவர் அன்று. அவ்வளவே. இக்கூடங்களில் நடப்பது பெரும்பாலும் ‘மறைமுக ஏலம்’ என்பது சுவையான முரண். வணிகர் தாம் தரும் விலையைச் சீட்டில் எழுதி மூடிப் போடுவார். பிரித்தபின் மிகுந்த விலை எதுவோ அது உழவருக்குச் சொல்லப்படும். பிடிக்கவில்லையென்றால் அவர் விற்காமல் இருக்கலாம். போட்டியாளருக்கு மறைப்பது அங்கே நேர்மைக்குத் துணை செய்கிறது. ஒப்பந்தத்தின் மறுமுனையில் நிற்பவருக்கு எதுவும் மறைக்கப்படுவதில்லை.

கல்லில் வெட்டிய கட்டணம்

பிடித்தங்களில் ‘தர்மம்’ என்பதைச் சற்றுத் தனியே பார்ப்போம். வணிகத்தில் அறத்துக்கென்று ஒரு பங்கு எடுப்பது தமிழகத்தில் மிகப் பழைய வழக்கம். சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் குழுவினர் தம் பண்டங்களின் மீது தாமே விதித்துக்கொண்ட கொடையை அது பதிவு செய்கிறது. உப்பு, நெல், மிளகு, பாக்கு, இரும்பு, பருத்தி எனப் பண்டம் பண்டமாகச் சொல்லி, பொதிக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று அளவு குறித்திருக்கிறார்கள். இதைப் ‘பட்டணப்பகுதி’ என்றனர். இதுவும் கட்டணமே; கடைசியில் வாங்குபவர் தலையில்தான் விடிந்திருக்கும். ஆனால் அதைக் கோயில் சுவரில், எவரும் படிக்கும்படி வெட்டி வைத்தார்கள். என்ன பிடிக்கிறோம், எதற்குப் பிடிக்கிறோம் என்பதை ஊரறியச் சொன்ன கட்டணம் அது.

இதன் வழித்தோன்றலே ‘மகமை’. விருதுநகர், சிவகாசிப் பகுதிகளில் நாடார் வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்துப் பொதுநிதி சேர்த்ததையும், அந்நிதி கோயிலாகவும் கிணறாகவும் பள்ளியாகவும் ஆனதையும் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளிவந்த தம் நூலில் விவரித்திருக்கிறார். 1889இல் தொடங்கிய விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அவ்வாறு எழுந்தது. வீடுதோறும் பிடியரிசி எடுத்து அதைத் தாங்கிய கதையும் உண்டு. அங்கே படித்த காமராசர் பின்னாளில் முதலமைச்சராக இருந்து நெய்வேலித் திட்டத்துக்காக வாதாடினார். அவ்வகையில், மூட்டைக்குப் பிடித்த காசின் நன்மை நெய்வேலி வரை வந்து சேர்ந்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

அப்படியாயின் மண்டியில் பிடித்த தர்மமும் இதுவும் ஒன்றா? இல்லை என்போம். மகமை தருபவர் அச்சங்கத்தின் உறுப்பினர். கணக்குக் கேட்கும் உரிமை உள்ளவர். அப்பள்ளியில் தம் பிள்ளையைச் சேர்ப்பவர். மண்டியில் தர்மம் கொடுத்த உழவரை எவரும் கேட்கவில்லை. அது எந்தக் கோயிலுக்குப் போயிற்று என்பதும் அவருக்குத் தெரியாது. திருப்பணி முடிந்து கல்வெட்டு வைக்கும்போது அதில் மண்டிக்காரர் பெயர் இருக்கும். கடலை கொடுத்தவர் பெயர் இராது. பணத்தோடு புண்ணியத்தையும் சேர்த்துப் பிடித்தம் செய்துகொண்ட வேலை அது.

வடநாட்டில் ‘தர்மாதா’ எனப்படும் இதே வழக்கம் உச்சநீதிமன்றம் வரை சென்றது. பிஜ்லி பஞ்சாலை நிறுவனம் தன் விற்பனைப் பட்டியலில் நூல் பொதிக்கும் பஞ்சுப் பொதிக்கும் இவ்வளவு என்று தர்மாதா தனியே குறித்து வாங்கி வந்தது. அது நிறுவனத்தின் வருமானமா, அதற்கு வருமான வரி உண்டா என்பது வழக்கு. 1970களின் இறுதியில் வந்த தீர்ப்பு, வாங்குபவர்கள் அதை அறத்துக்கென்றே கொடுத்தார்கள். தொடக்கம் முதல் அது அறத்துக்கு உரியது. ஆகவே அது விற்பவரின் வருமானம் அன்று என்றது. பிறர் கொடுத்த அறக்காசு கைமாறிப் போகும் வழியில் நம் கையில் இருப்பதனாலேயே நம்முடையதாகிவிடாது என்பதே அதன் சாரம். ‘அரசுக்குப் போவது, எங்களுக்கு அன்று’, ‘லாரிக்காரருக்குப் போவது, எங்களுக்கு அன்று’ என்று சொல்லித் தனியே வாங்கும் தொகைகளுக்கும் இந்த அளவுகோல் பொருந்த வேண்டும். லாரிக்காரர் வாங்கியதைவிட அதிகமாக லாரி வாடகை என்று பட்டியலில் எழுதினால், அது போக்குவரத்துச் செலவு அன்று. வேறு பெயர் தாங்கிய இலாபம்.

மௌனம் எப்போது பொய்யாகிறது?

சொல்லாமல் இருப்பது குற்றமா என்ற கேள்வி பழையது. ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ, கி.மு. 44இல் தம் மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலில் ஒரு புதிர் வைக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகர் தானியக் கப்பலோடு வந்து சேர்கிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவதை அவர் கடலில் கண்டிருக்கிறார். அதைச் சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? தியோகெனிஸ் என்னும் அறிஞர், சட்டம் சொல்லச் சொன்ன குறைகளைச் சொன்னால் போதும், மற்றதைச் சொல்லக் கடமையில்லை என்கிறார். சொல்லாமலிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்பது அவர் வாதம். அவருடைய மாணவர் அந்திபாதர் மறுக்கிறார். விற்பவர் அறிந்தது எல்லாம் வாங்குபவரும் அறிய வேண்டும் என்கிறார். சிசரோ மாணவர் பக்கம் சேர்கிறார். ஒருவருக்குத் தெரிந்திருந்தால் நலம் பயக்கும் ஒன்றை, நம் ஆதாயத்துக்காக அவர் அறியாமல் இருக்க வேண்டும் என்று நாம் விரும்பினால், அங்கே மௌனம் மறைப்பாகிவிடுகிறது என்பது அவர் முடிவு.

நம் நாட்டுச் சட்டம் தியோகெனிசின் பக்கம் சாய்ந்தது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவின் விளக்கத்தில், வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது. பேச வேண்டிய கடமை இருந்தாலோ, மௌனமே பேச்சுக்குச் சமமாக இருந்தாலோ மட்டும் அது மோசடி ஆகும். இந்தக் கடைசி விலக்கு நம் விலைப்புள்ளிக்கு மிகவும் பொருந்துகிறது. ஒரு தாளில் ஒரே ஒரு தொகையை எழுதி, அதற்குக் கீழே எதுவும் எழுதாமல் கையெழுத்திட்டுக் கொடுத்தால், ‘இவ்வளவுதான்’ என்று அத்தாள் பேசுகிறது. பின்னர் வேறு செலவு உண்டென்பது தெரிந்தே அப்படி எழுதியவர் மௌனமாக இருந்தார் என்று எப்படிச் சொல்வது?

அதே நேரத்தில், பின்னால் சேரும் எல்லாத் தொகையும் தவறன்று என்பதையும் சட்டம் ஒப்புகிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64அ பிரிவின்படி, ஒப்பந்தம் ஆனபின் அரசு வரியை உயர்த்தினால் விற்பவர் அந்த உயர்வைச் சேர்த்து வாங்கலாம். வரி குறைந்தால் வாங்குபவர் கழித்துக் கொடுக்கலாம். எவரும் அறிய முடியாதிருந்ததை இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவர் மட்டும் அறிந்திருந்ததற்கு இந்தச் சலுகை இல்லை.

வடலூர் நெய்வேலிக்குப் பக்கத்து ஊர். அங்கே 1867இல் தருமச்சாலை கண்ட வள்ளலார், மனுநீதிச் சோழன் கதையை உரைநடையில் எழுதியபோது, அம்மன்னன் தான் என்ன பாவம் செய்தேனோ என்று ஒவ்வொன்றாகத் தன்னையே கேட்டுக்கொள்வதாக ஒரு நீண்ட பட்டியல் அமைத்தார். அப்பட்டியலில் ஒருவரை வேலை வாங்கிவிட்டுக் கூலியைக் குறைப்பதும் ஒன்று. மண்டியில் கடலையைக் கொட்டச் செய்தபின் கழிவு பிடிப்பதும் இதே இனத்துப் பாவமே. இரண்டிலும் மறுபக்கத்தவர் தம் கடமையை முடித்துவிட்டார். இனி அவர் கையில் பேரம் பேச எதுவும் இல்லை.

‘உள்ளூர் வரிகள் தனி’

நாற்பதைக் கடந்த வாசகர்கள் சோப்பு உறையிலும் பிஸ்கட் பொட்டலத்திலும் விலைக்குப் பக்கத்தில் ‘உள்ளூர் வரிகள் தனி’ என்ற வாசகத்தை ஆங்கிலத்தில் பார்த்திருக்கக் கூடும். 1976இல் எடையளவுச் சட்டமும் 1977இல் பொட்டலப் பண்ட விதிகளும் வந்து விலை அச்சிடுவதைக் கட்டாயமாக்கின. ஆனால் வரி நீங்கலான விலையை அச்சிட்டு, உள்ளூர் வரி தனி என்று போடவும் இடமிருந்தது. வரி எவ்வளவு என்பது கடைக்காரருக்குத் தெரியும்; சோப்பு வாங்கும் சிறுவனுக்குத் தெரியாது. ஆகவே கடைக்காரர் சொன்னதே வரி. இதற்கு முடிவு 1990இல் வந்தது. எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்சச் சில்லறை விலையையே அச்சிட வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. நாம் இன்று ‘எம்.ஆர்.பி.’ என்று இயல்பாகச் சொல்வது இந்தத் திருத்தத்தின் பயன். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011இல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளும் இதைத் தொடர்ந்தன.

ஆனால் இந்தக் காவல் சில்லறைப் பொட்டலத்துக்கு மட்டுமே. தொழிற்சாலைக்கும் நிறுவனங்களுக்கும் நேராக விற்கும் பொட்டலங்களுக்கு அவ்விதிகள் விலக்களித்தன. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதற்குப்பின் வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும், வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோர் என்று ஏற்கவில்லை. சொந்த உழைப்பில் பிழைப்பதற்காகத் தையல் இயந்திரமோ அது போன்றதோ வாங்குபவருக்கு மட்டும் இடம் தந்தன. வணிகருக்கு வணிகர் தரும் விலைப்புள்ளி, பழைய ஒப்பந்தச் சட்டத்தின் மௌனத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. வணிகர் விவரமானவர், தம்மைத் தாமே காத்துக்கொள்வார் என்பது சட்டத்தின் எண்ணம் போலும். நான்கு பேரை வைத்துப் பட்டறை நடத்துபவரும் சட்டத்தின் கண்ணில் வணிகரே.

அண்மையில் இணைய வணிகத்தில் நிலை சற்று மாறியது. முதலில் குறைந்த விலையைக் காட்டி, படிப்படியாகச் செலவுகளைச் சேர்த்து, பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் முழுத்தொகையைக் காட்டும் வழக்கத்தைச் சொட்டுச் சொட்டாக விலை ஏற்றுதல் என்று சொல்லலாம். 2023 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 13 ஏமாற்று முறைகளைப் பட்டியலிட்டன. இதுவும் அவற்றில் ஒன்று. உழவர் சாக்கைப் பிரித்துக் கொட்டியதும், பயணச்சீட்டு வாங்குபவர் பெயர், வயது எல்லாம் நிரப்பிக் கடைசிப் பக்கத்துக்கு வருவதும் ஒரே நிலைதான். கருவி மாறியிருக்கிறது, மனித மனத்தின் சோர்வைக் கணக்கிட்டு வைத்த பொறி மாறவில்லை.

நெய்வேலியில்

இனி நெய்வேலிக்கு வருவோம். 1956இல் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் லிக்னைட் கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் மின்சாரம் வந்தது. ஒரே பெரிய நிறுவனத்தைச் சுற்றி ஓர் ஊர் எழுந்தால், அதற்குப் பொருள் கொடுத்துப் பிழைக்கும் சிறு தொழிலும் சுற்றி எழும். மந்தாரக்குப்பத்திலும் வடலூரிலும் பட்டறை, வண்டி, அச்சு, உணவு என்று ஒப்பந்தப்புள்ளி எழுதுவதே தொழிலாகிப்போன குடும்பங்கள் உண்டு.

பொதுத்துறைக் கொள்முதலில் இதற்கென ஓர் எளிய உபாயம் உண்டு. விலைப்புள்ளிப் படிவத்தில் அடிப்படை விலை, பேக்கிங், போக்குவரத்து, காப்பீடு, வரி என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருக்கும். ஒப்பிட்டுப் பார்ப்பது அடிப்படை விலையை அன்று. பொருள் நம் கிடங்குக்கு வந்து சேரும்வரை ஆகும் மொத்தத்தை. எனவே ஒரு கட்டத்தில் குறைத்து மறு கட்டத்தில் கூட்டுவதால் எவருக்கும் ஆதாயம் இல்லை. 2016இல் தொடங்கிய அரசு மின்சந்தையிலும் வரியும் கொண்டுவந்து சேர்க்கும் செலவும் உட்பட்ட விலையே கேட்கப்படுகிறது. இந்தப் படிவம் எவர் மனச்சாட்சியையும் நம்பியிருப்பதில்லை என்பதே அதன் சிறப்பு. நேர்மையாக முழுத்தொகை சொல்பவர் தோற்றுப்போகாதபடி அது காக்கிறது. பள்ளியும் கல்லூரியும் மண்டபமும் சங்கமும் இதே கட்டங்களைப் போட்ட ஒரு தாளை விலை கேட்கும்போதே கொடுத்தால் பாதித் துன்பம் தீரும்.

ஆனால் நெய்வேலியின் மிகப் பெரிய விலைப்புள்ளி ஒப்பந்தக்காரர் தந்தது அன்று, நிலத்துக்குச் சொல்லப்பட்டது. 1930களில் தம் நிலத்தில் கிணறு தோண்டிய ஜம்புலிங்க முதலியார், நீரோடு கரிய பொருள் வருவதைக் கண்டு சொன்னதிலிருந்து தொடங்கும் கதையை இவ்வூரார் அறிவர். பின்னர் ஊர் ஊராக நிலம் எடுக்கப்பட்டது. 1894ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் நிலத்தின் சந்தை விலையைக் கணக்கிட்டு, அதன்மேல் 15 விழுக்காடு ஆறுதல் தொகை தரச் சொன்னது. 1984இல் அது 30 விழுக்காடாயிற்று. அந்தக் கணக்கில் நிலத்துக்கு உரியவர் இருந்தார். அந்நிலத்தில் களை எடுத்தவர், கடலை பிடுங்கியவர், ஊர்க்கிணற்றில் நீர் இறைத்தவர் இல்லை. அவர்கள் இழந்தது ‘தனி’. லிக்னைட்டுக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஆர்ட்டீசியன் நீரை இடைவிடாமல் இறைத்து வெளியேற்றினால்தான் சுரங்கம் நிலைக்கும். அந்த நீருக்கான மின்செலவு நிறுவனத்தின் கணக்கில் வந்தது. சுற்றுப்புற நிலத்தடி நீர் எந்த யூனிட் மின்சாரத்தின் விலையிலும் ஒரு வரியாக வரவில்லை.

2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் இந்த ‘தனி’களில் சிலவற்றை விலைக்குள் கொண்டுவர முயன்றது. ஆறுதல் தொகை 100 விழுக்காடானது. நிலமில்லாமல் அந்நிலத்தை நம்பி மூன்றாண்டு உழைத்தவரின் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஏற்கப்பட்டது. எனினும் கேள்வி ஓயவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய்ப் பணிக்காக, பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல்லாண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டு இழப்பீடும் தரப்பட்டது என்றது நிறுவனம். நட்ட பயிரை அறுக்கக்கூட விடவில்லை என்றனர் உழவர். பயிருக்கான இழப்பீடு உயர்நீதிமன்றம் வரை சென்றது. இரு தரப்பு நியாயத்தையும் இங்கே தீர்ப்பது நம் வேலை அன்று. விலை என்று ஒரு தொகை பேசப்பட்டு, எதெல்லாம் அதில் அடங்கும் என்பது இருவருக்கும் ஒன்றுபோல் விளங்காமல் போனால், பத்தாண்டு கழித்தும் அக்கணக்கு முடிவதில்லை என்பதை மட்டும் குறிக்கிறோம்.

இத்தனையும் பார்த்தபின் நாம் சில கேள்விகளுக்கு வந்து சேர்கிறோம். கூடுதல் கட்டணம் எதுவானாலும், அது வாங்குபவரோ விற்பவரோ திரும்பிப் போக வழி இருக்கும்போதே சொல்லப்பட்டதா? அது யாருக்குப் போவதாகச் சொல்லப்பட்டதோ அவருக்கே, சொன்ன அளவிலேயே போயிற்றா? மறுபக்கத்தவர் அதை அறியக் கூடாது என்ற விருப்பம் நம் மனத்தில் இருந்ததா? பிரான்மலைக் கல்வெட்டும் மகமையும் முதலிரண்டு கேள்விகளுக்கு நல்ல விடை தருகின்றன. மண்டிப் பிடித்தமும் ‘உள்ளூர் வரிகள் தனி’யும் தருவதில்லை. மூன்றாவது கேள்விக்கு விலைப்புள்ளியை எழுதுபவர் மட்டுமே விடை சொல்ல முடியும்.

எம் பகுதி மண்டிகளில் வழங்கிய கழிவு, பிடித்தச் சொற்களில் நமக்குக் கிடைத்தவை சிலவே. மதுரை, ஈரோடு, தூத்துக்குடி, யாழ்ப்பாணச் சந்தைகளில் இவற்றுக்கு வேறு பெயர்கள் வழங்கியிருக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதியனுப்பும் வாசகர்களுக்கு நன்றியுடையோம். கணக்கு நோட்டுகளோடு சேர்ந்து அந்தச் சொற்களும் மறைந்துகொண்டிருக்கின்றன.